தைப்பூசத்துக்கு வாங்கிய பெட்ரோல் ஆடிக்கு ஓடுமா? ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆடி வெள்ளிக்கிழமை, கூழ் ஊற்றி முடித்து அம்மனுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்த நேரம். கரண்ட் போய்விட்டது. மியான்மாரில் எங்கள் ஊரான மோல்மீனில் இருப்பவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. கோயில் ஜெனரேட்டர் என் பொறுப்பு. மழைக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி கயிற்றை இழுத்தேன். பத்து தடவை இழுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. சோக்கைப் போட்டு இழுத்தேன், சோக்கை எடுத்துவிட்டு இழுத்தேன். இருபதாவது இழுப்புக்கு ஒரு இருமல் இருமிவிட்டுப் படுத்துவிட்டது. "என்ன தம்பி, மீஸெட் (ஜெனரேட்டர்) வேலை செய்யலையா?" என்று பூசாரி ஐயா குத்துவிளக்கோடு வந்து நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அன்றைக்குப் பூசை முழுக்க எண்ணெய் விளக்கில்தான்.

கடைசியாக அந்த இயந்திரம் ஓடியது தைப்பூசத்துக்கு. ஓட்டி முடித்ததும் சுவிட்சை அணைத்து, தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வந்தேன். டேங்கில் பாதி பெட்ரோல், பக்கத்தில் ஒரு கேன் நிறைய இருப்பு. 'எண்ணெய் இருக்கிறது, கவலையில்லை' என்று ஆறு மாதம் நிம்மதியாக இருந்தேன். தப்பு அந்த நிம்மதியில்தான் இருந்தது. அதற்குப் பிறகு நாலு பேரிடம் கேட்டும், நானே கழற்றி மாட்டியும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெட்ரோல் ஏன் கெடுகிறது

பெட்ரோல் ஒரே பொருள் இல்லை. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் கலந்த கலவை. அதில் சில மிக லேசானவை. மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று வெளியேறும் ஆவி அவைதான். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது முதல் பொறியில் பற்றிக்கொள்வதும் அந்த லேசான பகுதிதான். மூடி சரியாக இல்லாத கேனில் முதலில் காணாமல் போவது அது. அளவு கொஞ்சம்தான் குறைந்திருக்கும், பார்த்தால் தெரியாது. ஆனால் மிச்சமிருப்பது கனமான, சோம்பேறி எண்ணெய். கயிறு இழுத்து இழுத்துத் தோள் வலிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் காற்றிலுள்ள ஆக்சிஜன். சுத்திகரிப்பு ஆலையில் கனமான எண்ணெயை உடைத்து பெட்ரோலாக்கும்போது, ஓலெஃபின் என்ற வகை மூலக்கூறுகள் அதில் சேர்கின்றன. அவை ஆக்சிஜனோடு சேரத் துடிப்பவை. சேர்ந்தால் முதலில் பெராக்சைடு, பிறகு அமிலம், கடைசியில் பசை. இதைத் தடுக்க ஆலையிலேயே கொஞ்சம் மருந்து கலந்துதான் அனுப்புகிறார்கள். அந்த மருந்து தீரும்வரை பெட்ரோல் தாக்குப்பிடிக்கும். தீர்ந்த பிறகு சரசரவென்று கெடும். அதனால்தான் மூன்று மாதம் நன்றாக இருந்த பெட்ரோல் அடுத்த இரண்டு மாதத்தில் திடீரென்று புளித்துப்போகிறது. வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் இந்த வேலை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிவைத்த 'ஆறு மாதம், ஒரு வருஷம்' கணக்கு தஞ்சான் (சித்திரையில் வரும் பர்மியப் புத்தாண்டு) வெயிலில் தகரக் கூரைக்கடியில் செல்லாது. செம்பு பட்டால் இன்னும் வேகம். செம்புக் குழாய், பித்தளைப் புனல் இவற்றில் பெட்ரோலைத் தேங்க விடாதீர்கள்.

மூன்றாவது தண்ணீர். மோல்மீனில் வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. வைகாசி தொடங்கி ஐப்பசிவரை சுவரே வியர்க்கும். பாதி காலியான டேங்க் பகலில் சூடாகி இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரக் காற்று டேங்கின் உள்சுவரில் துளித்துளியாகப் படிந்து, பெட்ரோலுக்கு அடியில் போய் உட்காரும். தண்ணீர் கனமானது அல்லவா? டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியேறும் வாயும் அடியில்தான் இருக்கிறது. அதனால் இயந்திரம் முதலில் குடிப்பது தண்ணீரை.

தாய்லாந்து எண்ணெய் என்றால் தனிக்கணக்கு

தாய்லாந்து எல்லையிலுள்ள மியாவடி வழியாக வந்த பெட்ரோலை இங்கே பலர் வாங்கியதுண்டு. தாய்லாந்தில் காஸோஹால் 91, 95 என்று விற்பதில் பத்து சதவீதம் எத்தனால் இருக்கிறது. இ20 என்பதில் இருபது. எத்தனால் சாராயக் குடும்பம், தண்ணீரைக் கண்டால் விடாது. பத்து சதவீதக் கலவை ஏறக்குறைய அரை சதவீதம் தண்ணீர்வரை தன்னுள்ளே கரைத்துவைத்துக்கொள்ளும். இருபது லிட்டருக்கு அது நூறு மில்லி. அந்த அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். மேலே நிற்பது ஆக்டேன் (தட்டாமல் எரியும் தரம்) குறைந்த பெட்ரோல், கீழே நிற்பது கார்புரேட்டரின் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) அலுமினியத்தை அரிக்கும் திரவம். ஒருமுறை பிரிந்தால் குலுக்கியோ புதுப் பெட்ரோல் சேர்த்தோ சரிசெய்ய முடியாது.

எத்தனால் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நேரான பக்கங்கள் உள்ள, மூடி இறுகும் ஒரு கண்ணாடி சீசாவில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். மேலே ஒன்பது பங்கு பெட்ரோல். மூடிக் குலுக்கிப் பத்து நிமிஷம் வையுங்கள். இடையில் மூடியை மெல்லத் திறந்து ஆவியை விடுங்கள். தண்ணீர் மட்டம் கோட்டிலேயே நின்றால் எத்தனால் இல்லை. கோட்டைத் தாண்டி ஏறினால் இருக்கிறது. இருந்தால் இருப்புக்கு வைக்காதீர்கள், பைக்கில் ஊற்றி ஓட்டித் தீர்த்துவிடுங்கள்.

முதல் வேலை: இருப்பதைச் சோதிப்பது

மத்திய மியான்மாரில் எனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பர்மியில் கச்சா எண்ணெய்க்கு 'யேனான்' என்று பெயர். நாறும் தண்ணீர் என்று பொருள். ஊர்ப் பெயரே நாறும் தண்ணீர் ஓடை. பழைய காலத்து ஆட்கள் மூக்கில் ஏறிய நாற்றத்தை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார்கள். கெட்ட பெட்ரோலைக் கண்டுபிடிக்கவும் மூக்குதான் முதல் கருவி. ஆனால் கேன் வாயில் மூக்கை வைத்து உறிஞ்சாதீர்கள், தலை சுற்றும். மூடியைத் திறந்து கையால் விசிறினாலே போதும். நல்ல பெட்ரோல் மூக்கில் சுருக்கென்று ஏறும். கெட்டது பழைய வார்னிஷ் டப்பாவைப் போல, கொஞ்சம் புளித்த வாடையோடு, மந்தமாக இருக்கும்.

அடுத்தது கண். ஒரு கண்ணாடி சீசாவில் பழையதும் இன்னொன்றில் இன்று பம்பில் வாங்கியதும் எடுத்து, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். தனியாகப் பார்த்தால் நிறமாற்றம் தெரியாது; சேர்த்துப் பார்த்தால் உடனே தெரியும். என்னுடையது வெறும் டீ நிறத்தில் இருந்தது. ஒரு மணி நேரம் அசையாமல் விட்டால், தண்ணீர் இருந்தால் அடியில் கண்ணாடி முத்துப்போல உருண்டு நிற்கும்.

மூன்றாவது தாள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, நிழலில் காற்றாட உலரவிடுங்கள். நல்லது சுவடில்லாமல் போய்விடும், அல்லது கலந்த சாயத்தின் மெல்லிய நிறம் மட்டும் நிற்கும். பசை கட்டியது பழுப்பு வளையம் விட்டுப்போகும், விரல் வைத்தால் ஒட்டும்.

மூன்றிலும் தேறினால் பயன்படுத்துங்கள். வாடை மட்டும் கொஞ்சம் மந்தம், நிறம் மாறவில்லை, தண்ணீர் இல்லை என்றால் ஒரு பங்கு பழையதுக்கு நாலு பங்கு புதியது கலந்து பழைய கார்புரேட்டர் பைக்கில் ஓட்டித் தீர்க்கலாம். ஜெனரேட்டரில் வேண்டாம். நிறம் கறுத்தது, புளித்தது, தண்ணீர் பிரிந்தது என்றால் இயந்திரம் எதிலும் ஊற்றாதீர்கள். ஸ்டெபிலைசர் மருந்து ஊற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அது புதுப் பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்து. கெட்டதைத் திருத்தாது. திரிந்த பாலைக் காய்ச்சினால் திரும்பவும் பாலாகுமா?

இயந்திரம் எங்கே மாட்டிக்கொள்கிறது

எல்லாரும் கேனைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நானும் அப்படித்தான். உண்மையில் எங்கள் ஜெனரேட்டரைப் படுக்கவைத்தது இருபது லிட்டர் கேன் இல்லை. கார்புரேட்டரின் அடியில் தொங்கும் சின்னக் கிண்ணத்தில் தங்கியிருந்த பெட்ரோல். மொத்தமாகப் பார்த்தால் அரை டீ கிளாஸ்கூட வராது. ஆனால் அந்தக் கிண்ணம் வெளிக்காற்றுக்குத் திறந்திருப்பது. இயந்திரம் நின்ற பிறகும் சூடு அதில் இறங்கும். கேனில் ஆறு மாதத்தில் நடப்பது அங்கே சில வாரங்களில் நடந்துவிடும். ஆவி போய், மிச்சம் பசையாகி, காய்ந்து, பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டின் துளையை அடைக்கும். மெயின் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. மெதுவாக ஓடும்போது எண்ணெய் தரும் பைலட் ஜெட் அதில் பாதி. ஒரு முடி அளவு பசை போதும்.

அடைப்பு எங்கே என்பதை இயந்திரமே சொல்லும். சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால் ஜெட்டில் பாதி அடைப்பு. விளக்கு வெளிச்சம் கூடிக் குறைந்து, இயந்திரம் 'ஊம்... ஊம்...' என்று ஏறி இறங்கினால் பைலட் வழியில் அடைப்பு. கார்புரேட்டரிலிருந்தோ ஏர் ஃபில்டரிலிருந்தோ பெட்ரோல் ஒழுகினால், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு பசையில் ஒட்டித் திறந்தபடி நிற்கிறது. இந்தக் கடைசியில்தான் ஆபத்து அதிகம். அந்தப் பெட்ரோல் சிலிண்டர் வழியாக இறங்கி என்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தால், பெட்ரோல் வாடை அடித்தால், இயந்திரத்தை ஓட்டாதீர்கள். முதலில் ஆயிலை முழுக்க மாற்ற வேண்டும். நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் போகலாம். கயிறே அசையாமல் இறுகி நின்றால் சிலிண்டரில் பெட்ரோல் நிரம்பியிருக்கலாம். பலம் போட்டு இழுக்காமல் பிளக்கைக் கழற்றி வடியவிடுங்கள்.

இன்ஜெக்ஷன் பைக், காரில் கிண்ணம் கிடையாது, அதனால் கொஞ்சம் தாங்கும். ஆனால் கெட்ட பெட்ரோல் போனால் டேங்குக்குள் இருக்கும் பம்பும் இன்ஜெக்டரும் மாட்டிக்கொள்ளும், அந்தச் செலவு கார்புரேட்டர் செலவைப்போல் பல மடங்கு.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்வது

இரண்டு, மூன்று கிலோவாட் சின்ன ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி சீன இயந்திரம்தான். பொறுமையுள்ளவர் தானே செய்யலாம். இயந்திரம் ஆறியிருக்க வேண்டும், திறந்த வெளியாக இருக்க வேண்டும், பக்கத்தில் யார் வாயிலும் சுருட்டு இருக்கக் கூடாது.

1. எண்ணெய்க் குழாயின் திருகை மூடுங்கள். டேங்கில் இருப்பதைக் கேனில் வடித்துவிடுங்கள்.

2. கிண்ணத்துக்கு அடியில் ஒரு தட்டை வைத்து, பத்து நம்பர் ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றுங்கள். கிண்ணம் கையோடு வரும். அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் பத்திரம். அறுந்தால் அந்த அளவில் இன்னொன்று தேடி அலைய வேண்டிவரும்.

3. உள்ளே பாருங்கள். எனக்குக் கிடைத்தது இது: கிண்ணத்தின் அடியில் தேன்போல ஒரு படலம், நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தது. ஓரத்தில் உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் பொடி. தண்ணீர் அலுமினியத்தைத் தின்ற அடையாளம். நடுவே மிதவையைப் பிடித்திருக்கும் சின்ன ஊசியை இழுத்தால் மிதவையும் நீடிலும் இறங்கும். நீடில் முனையில் ரப்பர் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

4. நடுத் தூணுக்குள் மெயின் ஜெட் இருக்கும். அதன் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் கழற்றுங்கள். சின்னத் திருப்புளி போட்டுப் பித்தளையை வழித்துவிட்டால் அப்புறம் பட்டறை சயாவிடம் (மெக்கானிக்கிடம்) தான் கொண்டுபோக வேண்டும். ஜெட்டுக்கு மேலே பக்கவாட்டில் ஓட்டைகள் உள்ள குழல் ஒன்று வரும், அதையும் எடுங்கள். பைலட் ஜெட் மேல்பக்கம், ஐடில் திருகுக்குப் பக்கத்தில் இருக்கும்; அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

5. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், ஒரு துளையில் அடித்தால் இன்னொன்று வழியாக முகத்துக்கே வரும். போகாத அடைப்புக்குப் பழைய மின்வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழை எடுத்துக் குத்துங்கள். தையல் ஊசி, கிட்டார் கம்பி வேண்டாம். துளை கொஞ்சம் பெரிதானாலும் எண்ணெய் கூடுதலாகப் போய் பிளக் கறுக்கும்.

6. ஒவ்வொரு ஜெட்டையும் வானத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் இன்னும் பசை இருக்கிறது.

7. திரும்ப மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றி, திருகைத் திறந்து ஐந்து நிமிஷம் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகவில்லை என்றால் சோக் போட்டு இழுங்கள்.

எங்கள் இயந்திரம் மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பூசை முடிந்து நாலு நாள் கழித்து!

இனிமேல் கெடாமல் வைப்பது

கேனைப் பற்றி முதலில். குடிதண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைப்பதை நம் ஊரில் நிறுத்தவே முடியவில்லை. தெருவோரக் கடையில் வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அந்தப் பாட்டில் வெயிலை அப்படியே உள்ளே விடும், மூடி ஆவியைப் பிடித்து நிறுத்தாது, தாகத்தோடு வரும் பிள்ளை அதைத் தண்ணீர் என்று எடுத்துவிடும். பெட்ரோலுக்கென்றே செய்த கனத்த பிளாஸ்டிக் கேன், அல்லது உள்ளே துருப்பிடிக்காத இரும்புக் கேன் வாங்குங்கள்.

கழுத்துவரை நிரப்பாதீர்கள். இருபது லிட்டர் பெட்ரோல் பதினைந்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய முந்நூறு மில்லி விரியும். இருபதுக்குப் பத்தொன்பது போதும். அதற்காகப் பாதிக் கேனாகவும் வைக்காதீர்கள்; மேலே காற்று அதிகமானால் கெடுவதும் அதிகம். பம்பில் நிரப்பும்போது கேனைத் தரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும். பைக் மேலோ வண்டித் தட்டிலோ வைத்து நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி பறக்கலாம்.

வைக்கும் இடம் நிழலாக, காற்றோட்டமாக, வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நாலு மடங்கு கனம். புகைபோல மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து போகும். சமையல்கட்டில் கரி அடுப்பு எரிகிறது, அடுத்த அறையில் கேன் இருக்கிறது என்றால் அந்த ஆவி அடுப்பைத் தேடிப் போகும். ரங்கூனில் மாடிவீட்டில் இருக்கும் உறவினர்கள் படிக்கட்டுக்கடியில் கேனை வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் இறங்க இருக்கும் ஒரே வழி அதுதானே. ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ளோ ஜன்னலுக்கடியிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

கேன் மேல் ஒரு டேப் ஒட்டி வாங்கிய தேதியை எழுதுங்கள். என் கணக்கு இது: சாதாரணப் பெட்ரோல் மூடி திறக்காத கேனில் மூன்று மாதம், எத்தனால் கலந்தது ஒரு மாதம். ஸ்டெபிலைசர் கிடைத்தால் வாங்கிய அன்றே கலந்து இன்னும் சில மாதம் நீட்டலாம். ஆனால் மருந்தைவிடச் சுழற்சியைத்தான் நான் நம்புகிறேன். மாதம் ஒருமுறை பழைய கேனைப் பைக்கில் ஊற்றி ஓட்டிவிட்டு, புதிதாக நிரப்பி வைக்கிறேன். விலையும் வரிசையும் உங்களுக்கே தெரியும், அதனால் நிறைய வாங்கிச் சேர்க்கத் தோன்றும். மூன்று மாதத்தில் தீர்க்க முடியாததை வாங்காதீர்கள். 92-க்குப் பதில் 95 வாங்கினால் அதிக நாள் நிற்கும் என்பதும் சும்மா பேச்சு. ஆக்டேனுக்கும் ஆயுளுக்கும் சம்பந்தமில்லை.

இதையெல்லாம் விட முக்கியமானது, ஜெனரேட்டரை நிறுத்தும் முறை. சுவிட்சில் நிறுத்தாதீர்கள். முதலில் எல்லா பிளக்கையும் பிடுங்கி, சுமையை எடுத்துவிடுங்கள். எண்ணெய் தீரும்போது மின்னழுத்தம் தாறுமாறாகும், ஃப்ரிட்ஜ் போய்விடும். பிறகு எண்ணெய்க் குழாயின் திருகை மட்டும் மூடிவிட்டு இயந்திரத்தை ஓடவிடுங்கள். கிண்ணத்தில் இருப்பதைக் குடித்துவிட்டுச் சில நிமிஷத்தில் தானாக நிற்கும். நின்றதும் சுவிட்சை அணைத்து, ஆறியபின் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து மிச்சமிருக்கும் சொட்டுகளையும் ஒரு டப்பாவில் இறக்கிவிடுங்கள். மாதம் ஒருமுறை பத்து நிமிஷம் ஓட்டி, திரும்பவும் இதே முறையில் நிறுத்த வேண்டும்.

மழைக்காலம் முழுக்க ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கையும் காலி செய்து துடைத்து வையுங்கள். இரும்பு டேங்க் காலியாக ஈரக்காற்றில் கிடந்தால் துருப்பிடிக்கும், அதனால் துளி என்ஜின் ஆயில் விட்டு உள்ளே சுழற்றிவிடுங்கள்.

கெட்டதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். முதல் மழைக்கே அந்தச் சாக்கடை நம் வாசலுக்கு வரும், ஆவி மூடிய கால்வாய்க்குள் தங்கி எவனாவது வீசும் தீக்குச்சிக்குக் காத்திருக்கும். கரி பற்றவைக்கவும் ஊற்றாதீர்கள். மூடி இறுக்கி, 'கெட்டது' என்று பர்மியிலும் எழுதி, பட்டறை சயாவிடம் கொடுங்கள். பாகங்கள் கழுவ அவர்களுக்குத் தேவைப்படும். எங்கள் கோயில் கேனை அப்படித்தான் கொடுத்தேன். வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "எத்தனை வருஷத்து எண்ணெய் இது?" என்று கேட்டார். ஆறு மாதம் என்றேன், நம்பவில்லை.